டிரையர் திரையில் எழுத்து வந்தால்: நாமே பார்ப்பதா, ஆள் கூப்பிடுவதா, புதிதே வாங்கிவிடுவதா?

கோத்தகிரியின் நவம்பர் மாதத்தைப் பற்றி என் அம்மா சொல்வது: "துணியைக் காயப் போடறதில்லடி, நனையப் போடறோம்." காலையில் கொடியில் விரித்த பள்ளிச் சட்டையை மாலையில் தொட்டுப் பார்த்தால் போட்டபோது இருந்ததைவிடச் சில்லென்று இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஊட்டியைவிட எங்கள் பக்கமும் குன்னூர்ப் பக்கமும்தான் அதிகம் கொட்டும். மழை விட்ட நாளிலும் பனிமூட்டம் வராண்டாவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் துணியில் ஒரு வாடை, ஐந்தாம் நாள் காலரில் கரும்புள்ளி. இதற்குப் பயந்துதான் ஐந்து வருடம் முன்பு டிரையர் வாங்கினோம். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் தண்ணீரைச் சுழற்றிப் பிழியும் இரண்டாவது தொட்டியையும் நம் ஊரில் டிரையர் என்றுதான் சொல்கிறோம். நான் சொல்வது அதையல்ல. சூடான காற்றை ஊதித் துணியை முழுக்க உலர்த்தித் தரும் தனி மிஷினை.

போன நவம்பரில் ஒரு ராத்திரி அது பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றது. திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். கையேட்டில் அதற்கு நேரே ஒரே வரி: ‘உலர்த்தும் வெப்பநிலையில் கோளாறு, சேவை மையத்தை அழைக்கவும்.’ உள்ளே நாலு கிலோ ஈரத் துணி. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மகன் உடனே போனை எடுத்து வீடியோ தேட ஆரம்பித்தான். கணவருக்கு எக்ஸ்சேஞ்சில் ஹீட் பம்ப் டிரையர் (ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் வைத்துக் குறைந்த கரண்டில் உலர்த்துவது) வாங்க இதுதான் நல்ல சாக்கு. எனக்கு அரவேனுவில் இருக்கும் மெக்கானிக் தம்பியின் நினைவு. அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படியில் கொடி கட்டப் போய்விட்டார்.

இந்த நாலு வழிகளையும் நாங்கள் கிட்டத்தட்ட வரிசையாகவே நடந்து பார்த்தோம். மலையில் இருப்பவர்களுக்கு எது எப்போது சரிப்படும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். மிஷினின் கம்பெனிப் பெயர் வேண்டாம், எந்த மிஷினுக்கும் வரக்கூடிய கதைதான்.

எழுத்து சொல்வதும் சொல்லாததும்

ஜுரம் என்று தெர்மாமீட்டர் சொல்லும். எதனால் ஜுரம் என்று சொல்லாது. டிரையர் காட்டும் குறியீடும் அந்த வகைதான். உள்ளே மிஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குத் தெரிவது சில அளவுகள் மட்டும்: காற்றின் சூடு, மோட்டார் ஓடும் விதம், கதவு மூடியிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா, கரண்ட் சரியாக வருகிறதா. இதில் ஒன்று வரம்பைத் தாண்டினால் அதற்குரிய எழுத்தைப் போட்டுவிட்டு நின்றுகொள்ளும். ‘வெப்ப சென்சார்’ என்று கையேடு சொன்னால் சென்சார் கெட்டிருக்கலாம். சென்சார் நன்றாக இருந்து, உண்மையிலேயே சூடு மிஞ்சியிருக்கவும் செய்யலாம்.

எழுத்தைச் சரியாகப் படிப்பதே ஒரு வேலை. எல்.ஜி. டிரையர்களில் கதவுக்கு ஒரு ‘டி.இ.’, வெப்ப சென்சாருக்கு இன்னொரு ‘டி.இ.’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்! திரையில் பார்க்கும்போது வட்டத்துக்கு வலப்பக்கம் கொம்பு முளைத்த மாதிரி இருந்தால் கதவு. சிலுவை மாதிரி இருந்து பக்கத்தில் 1 அல்லது 2 இருந்தால் சென்சார். போனில் சர்வீஸ் மையத்துக்கு ‘டி.இ.’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் வேறு பாகத்தோடு மலையேறி வருவார்கள். போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். சாம்சங்கில் சூடு சம்பந்தப்பட்டது ‘எச்.சி.’, மின்னழுத்தம் சரியில்லை என்றால் ‘9சி1’. வேர்ல்பூலில் ‘பி.எஃப்.’ என்று வந்தால் பயப்படவே வேண்டாம், ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது என்று பொருள். மழைக்காலத்தில் இங்கே அது வாரத்துக்கு நாலு தடவை வரக்கூடிய செய்தி.

மகன் தேடியபோது இன்னொன்று புரிந்தது. இணையத்தில் கிடைக்கும் குறியீட்டுப் பட்டியல்களில் பாதிக்கு மேல் அமெரிக்க மிஷின்களுக்கானவை. அங்கே டிரையருக்கு இரண்டு லைனில் 240 வோல்ட் போகும். ‘எல்2’ என்ற குறியீடு அதில் ஒரு லைன் வரவில்லை என்பதைச் சொல்வதற்கு. சுவருக்குள் போகும் காற்றுக்குழாய் 80 சதவீதம் அடைத்துவிட்டது என்பதற்கு ‘டி80’. நம் வீட்டுக்கு வருவது ஒரே பேஸில் 230 வோல்ட். அதே கம்பெனி, அதே எழுத்து, ஆனால் வேறு மாடலில் வேறு அர்த்தம் இருக்கலாம். மிஷினோடு வந்த கையேடு தொலைந்துவிட்டால், பின்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுவதுதான் சரி.

வழி ஒன்று: நாமே பார்ப்பது

செலவு ஒரு மாலை நேரம். இங்கே வரும் எழுத்துகளில் பெரும்பாலானவை பாகம் கெட்டதால் வருவதில்லை. காற்று, ஈரம், வோல்டேஜ் இந்த மூன்றில் ஒன்று ஒத்துவராததால் வருகின்றன என்பது என் அனுபவம். அதனால் இதைச் செய்யாமல் அடுத்த வழிக்குப் போவது வீண்.

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். அப்புறம் பஞ்சு வடிகட்டி. ஒவ்வொரு தடவையும் தட்டினால் போதாது, மாதம் ஒருமுறை வெந்நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றுகிறவர்கள் வீட்டு வடிகட்டியில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு ஒன்று படியும். வடிகட்டிமேல் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் நிற்கும், அப்போது தெரியும். கன்டென்சர் வகை மிஷின் (ஈரக்காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே குளிர்வித்துத் தண்ணீராக்குவது) என்றால் கீழே ஒரு பெட்டியை இழுத்தெடுத்துக் குழாயில் பிடித்துக் கழுவலாம். அதன் தகடுகளுக்குள் கம்பளி நூல் பஞ்சு அடைந்தால் பிறகு எந்த எழுத்தும் வரும். (ஸ்வெட்டரை டிரையரில் போடவே கூடாது. சுருங்கிப்போன எங்கள் வீட்டு ஸ்வெட்டர் ஒன்று இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் இருக்கிறது.)

இனி மலைக்கு மட்டுமான விஷயம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஃபேன் அதே வேகத்தில் ஊதினாலும் போகும் காற்றின் எடை குறைவு, ஹீட்டர் கொடுக்கும் சூடு மட்டும் அதே அளவு. ஆகவே சென்னையில் கொஞ்சம் பஞ்சு அடைந்தாலும் தாக்குப்பிடிக்கும் மிஷின், இங்கே சீக்கிரமே ‘சூடு மிஞ்சிவிட்டது’ என்று நின்றுவிடும். வடிகட்டி விஷயத்தில் மலைக்காரர்களுக்குச் சலுகை கிடையாது.

எங்கள் மிஷின் வென்ட் வகை. ஈரக்காற்றை ஒரு வளையும் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடும். நாலு கிலோ துணியில் பிழிந்த பிறகும் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். அத்தனையும் ஆவியாக அந்தக் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். வெளியே 10, 12 டிகிரி குளிர் என்றால் ஆவியில் ஒரு பங்கு குழாய்ச் சுவரிலேயே தண்ணீராக மாறிவிடும். குழாய் நடுவில் தொய்ந்திருந்தால் அது அங்கே தேங்கும். தேங்கினால் காற்று போக வழியில்லை, சூடு ஏறும், எழுத்து வரும். மழைக்காலத்தில் மட்டும் வந்து கோடையில் தானாக மறையும் எழுத்துக்கு முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதை நான் முதலில் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். அந்தக் கூத்து பிறகு வருகிறது.

வோல்டேஜ். மாலை ஆறு மணிக்கு மேல் தெரு முழுவதும் கீசரும் ரூம் ஹீட்டரும் ஓடும்போது எங்கள் வீட்டில் 190 வரை இறங்கிப் பார்த்திருக்கிறேன். சுருள் ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், 190 வோல்ட்டில் அது 68 சதவீதம்தான். ஒரு மணி நேரத்தில் காய வேண்டியது ஒன்றரை மணி ஆகும், அவ்வளவே. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள மிஷின்கள் அப்படி மெதுவாக ஓட மாட்டா, எழுத்தைப் போட்டு நின்றுவிடும். பகல் பதினொரு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். பகலில் ஓடி இரவில் நின்றால் மிஷினில் தவறில்லை. 2 கிலோவாட் இழுக்கும் மிஷினை 16 ஆம்ப் பிளக்கில்தான் போட வேண்டும் என்பதையும், எக்ஸ்டென்ஷன் வயரில் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தே வராமல், ‘முடிந்தது’ என்று பாட்டுப் பாடிவிட்டு அரைகுறை ஈரத்தோடு துணியைத் தரும் மிஷின்களும் உண்டு. டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகள் துணியில் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை வைத்து ஈரத்தைக் கணக்கிடுகின்றன. மழைத்தண்ணீர், ஊற்றுத் தண்ணீர் போன்ற உப்பில்லாத தண்ணீரில் அலசிய துணி மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும். ஈரத் துணியைக் காய்ந்த துணி என்று மிஷின் ஏமாந்துவிடும். மீலே போன்ற சில கம்பெனிகள் இதற்காகவே ஓர் அமைப்பை வைத்திருக்கின்றன. அது இல்லாதவர்கள் உலர்வு அளவை ஒரு படி கூட்டினால் போதும். பட்டைகளை வினிகர் தொட்ட துணியால் துடைப்பதும் உதவும்.

நாமே பார்ப்பதில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது: திருகாணி. மூடியைக் கழற்றும் இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. வாரண்டி போகும் என்பது ஒரு பக்கம். உள்ளே தெர்மல் ஃபியூஸ் என்று ஒன்று உண்டு, சூடு எல்லை மீறினால் ஒரேயடியாக அறுந்து மிஷினை நிறுத்திவிடும். அதை வயர் போட்டு இணைத்து ‘சரிபண்ணும்’ வீடியோக்களும் கிடைக்கின்றன. பஞ்சும் சூடும் சேர்ந்த பெட்டியில் அது தீக்குச்சி உரசுகிற வேலை.

வழி இரண்டு: ஆள் கூப்பிடுவது, ஆனால் எந்த ஆளை?

கம்பெனி ஆள் கீழேயிருந்து வர வேண்டும். கோவையில் கிளம்பி மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் பாதி நாள் போய்விடும், எனவே நாலைந்து புகார்கள் சேர்ந்த பிறகுதான் வருவார்கள். மழையில் மண் சரிந்து பாதை அடைத்தால் அதுவும் இல்லை. எங்களுக்குப் பதினோராம் நாள் வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். பின்மூடியைக் கழற்றி, சென்சாரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். மின்தடை 18 கிலோ ஓம் என்று காட்டியது. "பத்து காட்டணும் மேடம், சென்சார் போயிருச்சு. சென்சார் இப்படிப் போனா போர்டும் போயிருக்கும்" என்றார். போர்டின் விலை மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று விசிட் சார்ஜ் கொடுத்து அனுப்பினேன். கணவர் அன்றே ஹீட் பம்ப் மாடல்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் அரவேனு தம்பி வந்தான். அவன் சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மீட்டரைப் பார்த்தான். 18, 15, 12, 10... மெதுவாக எட்டரை வரை இறங்கியது. "அக்கா, கீழே ஒரு கணக்கு, மேலே ஒரு கணக்கு. 25 டிகிரியில்தான் இது பத்து. உங்க வீட்டுக்குள்ள இப்ப எத்தனை?" சமையலறைத் தெர்மாமீட்டரில் 12 டிகிரி. இந்த வகைச் சென்சாரில் குளிர் ஏற எண் ஏறும், சூடானால் இறங்கும். 12 டிகிரியில் 18 காட்டுவதுதான் முறை. கையில் பொத்தினால் சீராக இறங்குகிற சென்சார் உயிரோடு இருக்கிற சென்சார். பல டிரையர்களில் இந்தப் பத்துக் கணக்குதான், சிலவற்றில் வேறு எண் இருக்கும். சீராக இறங்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொது.

பிறகு அவன் ஜன்னல் பக்கம் போய்க் குழாயைக் கழற்றிச் சாய்த்தான். ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது, கூடவே நனைந்த பஞ்சு உருண்டை ஒன்று.

இதைவைத்து உள்ளூர் ஆள்தான் எப்போதும் மேல் என்று சொல்ல வரவில்லை. வாரண்டி இருக்கும்வரை கம்பெனியைத் தவிர வேறு யாரையும் மூடியைத் தொட விடக்கூடாது. ஹீட் பம்ப் மிஷினில் ஃப்ரிட்ஜ் மாதிரி மூடிய குழாய்களில் வாயு ஓடுகிறது. புதிய மாடல்கள் பலவற்றில் அது எளிதில் தீப்பற்றும் புரோபேன். அதில் கோளாறு என்றால் தம்பியைக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டாலும் அவனே மறுத்துவிட வேண்டும். போர்டில் கோளாறு என்று உறுதியானாலும் கம்பெனிதான். பெல்ட், ரோலர், கதவு சுவிட்ச், ஹீட்டர் சுருள், சென்சார், ஃபேனில் சிக்கிய பஞ்சு இவையெல்லாம் வாரண்டி முடிந்த மிஷினில் உள்ளூர் வேலை. இங்கே கோத்தகிரி டானிங்டனில் இருக்கும் ஆளுக்கு நம் வீட்டுக் குளிரும் வோல்டேஜும் தெரியும். கீழேயிருந்து வருபவருக்கு மிஷின் தெரியும். எது தெரிந்தவர் வேண்டும் என்பதை எழுத்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

வழி மூன்று: புதிதே வாங்குவது

கணவரின் கட்சிக்கும் நியாயம் உண்டு. எட்டு வருடம் ஓடிய மிஷினில் போர்டும் மோட்டாரும் சேர்ந்து போனால் பழுது பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. அப்போது எதை வாங்குவது?

வென்ட் வகை விலை குறைவு, உள்ளே சிக்கல் குறைவு, உள்ளூரில் பழுது பார்க்கலாம். பனிமூட்டத்தில் இது வேலை செய்யுமா என்று சிலர் கேட்பதுண்டு. செய்யும். 12 டிகிரி மூட்டக் காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விடும், பாலைவனக் காற்று மாதிரி. கரண்ட்தான் செலவு. ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று யூனிட். மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. தினமும் ஓட்டி, கீசரும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். பில்லைப் பார்த்துவிட்டு யாரும் மிஷினைக் குறை சொல்லக் கூடாது.

ஹீட் பம்ப் வகை விலை இரண்டு மடங்குக்கு மேல். கரண்ட் பாதிதான் ஆகும், துணிக்கும் இதமான சூடு, சுவரில் ஓட்டை போட வேண்டாம். கன்டென்சரைத் தானே கழுவிக்கொள்ளும் மாடல்கள் இருக்கின்றன. ஆனால் இது சுற்றியிருக்கும் அறையின் சூட்டை நம்பி இயங்குவது. ஐந்து டிகிரிக்குக் கீழே போகாத அறையில் வைக்கச் சொல்கின்றன பல கையேடுகள். ஊட்டி ஃபர்ன்ஹில் பக்கம் ஜனவரியில் உறைபனி விழும்போது, வெளி வராண்டாவில் வைத்திருக்கும் ஹீட் பம்ப் மிஷின் மூன்று மணி நேரம் முனகும், இல்லாவிட்டால் எழுத்தைக் காட்டும். வீட்டுக்குள், சமையலறைக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் வாங்கலாம். இல்லாதவர்கள் பணத்தைக் கொட்ட வேண்டாம். கூடவே நல்ல ஸ்டெபிலைசரும் கணக்கில் சேர வேண்டும்.

துவைப்பதும் காயவைப்பதும் ஒன்றாக உள்ள மிஷின் குன்னூரில் என் அக்கா வீட்டில் இருக்கிறது. இடம் மிச்சம், மற்றதெல்லாம் பஞ்சாயத்து. எட்டு கிலோ துவைக்கும், ஐந்து கிலோதான் காயவைக்கும். அந்த மூன்று கிலோவை எடுத்து வெளியே வைக்க அக்காவுக்கு மனசு வராது. இந்த வகையில் பலவும் காயவைக்கும்போதும் குழாய்த் தண்ணீரைக் குளிர்விக்கப் பயன்படுத்துவதால், வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடாத நாளில் தண்ணீர் வரவில்லை என்று ஓர் எழுத்து, பஞ்சு அடைத்து நீர் வெளியேறவில்லை என்று இன்னோர் எழுத்து. துவைக்கும் பக்கம் கெட்டாலும் காயவைப்பது நின்றுவிடும். மலையில் நான் யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும், வாஷிங் மெஷினில் பிழியும் வேகத்தை 800 சுற்றிலிருந்து 1,200க்கு மேல் வைத்தால் டிரையரின் வேலை கணிசமாகக் குறையும். இது செலவில்லாத யோசனை.

அம்மாவின் வழி

சிரிக்க வேண்டாம். அந்தப் பதினோரு நாளும் எங்களைக் காப்பாற்றியது அதுதான். அடுப்படிக் கொடியில் உள்ளாடை, சாக்ஸ். குழந்தைகளுக்குச் சாம்பிராணி போடும் கவிழ்த்த கூடைமேல் கைக்குட்டைகள். கனமான ஜீன்ஸும் போர்வையும் மட்டும் சிக்கல். அடுப்புக்கரிக் கணப்பை மூடிய அறையில் வைத்துத் துணி காயவைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு, அதை மட்டும் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூங்குகிறவர் எழமாட்டார். பாலிகார்பனேட் ஷீட் போட்ட முன்வாசல் இருந்தால் பகலில் இரண்டு மணி நேர வெளிச்சத்துக்கே பாதி காய்ந்துவிடும், மீதியை டிரையர் இருபது நிமிடத்தில் முடிக்கும்.

நாங்கள் கடைசியில் வளையும் குழாயை எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் சரிவாக நேரான பிவிசி குழாய் போட்டோம். நுனியில் எலி நுழையாமல் ஒரு மூடி. தம்பிக்குக் கூலியும் குழாய்க்கு விலையும் சேர்த்து, கீழேயிருந்து வந்தவருக்குக் கொடுத்த விசிட் சார்ஜைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கணவரின் ஹீட் பம்ப் ஆசை இந்த மிஷினின் போர்டு போகும்வரை காத்திருக்கும் என்று பேச்சு. அவர் தினமும் திரையை எட்டிப் பார்க்கிறார். அக்கா வீட்டு மிஷின் நேற்று மறுபடியும் எழுத்துக் காட்டியிருக்கிறது. போட்டோ அனுப்பச் சொன்னால் "ஏதோ ஓ மாதிரி இருக்கு, இல்ல சைபரா" என்கிறாள். திங்கட்கிழமை ஆள் வருகிறாராம். அதுவரை அவள் வீட்டுப் பள்ளிச் சட்டைகள் ஆறும் எங்கள் டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.